சுடாத வெயிலும் சுடும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் நடந்தேன். மெல்லிய வெண்மேகம் வானத்தை மூடியிருந்தது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. வெயில்தான் இல்லையே என்று தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போது பின்கழுத்தில் லேசாக எரிச்சல். காலையில் எழுந்தால் கழுத்திலும் காதுமடலின் மேல்விளிம்பிலும் விரல் வைக்க முடியவில்லை. நாலைந்து நாளில் தோல் டிஷ்யூ காகிதம் மாதிரி உரிந்து சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அன்றைக்கு எனக்கு வியர்க்கக்கூட இல்லை.

"வெயில் உறைக்கிறது" என்று நாம் சொல்வது சூட்டை. தோலைக் கெடுப்பது அந்தச் சூடு அல்ல. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் எப்போது மூடிக்கொள்வது, எதைப் பூசுவது, எவ்வளவு பூசுவது என்பதெல்லாம் தன்னால் விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

வெப்பமானிக்குத் தெரியாத கதிர்

1800-ல் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர் சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே விட்டு நிறங்களாகப் பிரித்தார். நிறங்களின் மேல் வெப்பமானியை வைத்து வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அங்கே விழுந்துகொண்டிருந்தது அகச்சிவப்புக் கதிர். அடுத்த வருடமே, 1801-ல், யோஹான் ரிட்டர் அந்த நிறப்பட்டையின் மறுகோடியில் தேடினார். அவர் வைத்தது வெப்பமானி அல்ல, வெள்ளி குளோரைடு தடவிய காகிதம். வெளிச்சம் பட்டால் கறுக்கும் பொருள் அது. ஊதாவைத் தாண்டி, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த இடத்தில்தான் காகிதம் மிக வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் அகப்பட்டது அப்படித்தான்.

நம் தோலும் கிட்டத்தட்ட இதே நிலைமையில்தான் இருக்கிறது. சூட்டை உடனே சொல்ல அதில் நரம்புகள் உண்டு. புற ஊதாவைச் சொல்ல ஒன்றும் கிடையாது. ரிட்டரின் காகிதம் மாதிரி, கறுத்த பிறகுதான் நமக்குச் சேதி வருகிறது. குளிர்காற்று வீசும் நாளிலும், நீச்சல் குளத்திலும், பனிமலையிலும் ஆட்கள் சிவந்து கொப்பளித்துத் திரும்புவது இதனால்தான். சூடு விரட்டியிருந்தால் அரை மணியில் நிழலுக்கு ஓடியிருப்பார்கள்.

இதையே திருப்பிப் போட்டாலும் சரிதான். கோடையில் உடம்பில் வரும் எல்லாமே புற ஊதாவின் வேலை இல்லை. வேர்க்குரு, வியர்வை வெளியேறும் துளைகள் அடைபட்டு வருவது. அதற்குச் சன்ஸ்கிரீனை அப்பினால் இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

புற ஊதாவில் (ஆங்கிலச் சுருக்கத்தில் யு.வி.) மூன்று வகை. அலைநீளம் மிகக் குறைந்த யு.வி. சி-யை வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடுகிறது, அதை மறந்துவிடலாம். தரைக்கு வந்து சேர்வதில் ஏறக்குறைய 95 சதவீதம் யு.வி. ஏ. மிச்சம் யு.வி. பி. அளவில் கொஞ்சம்தான் என்றாலும் தோலைச் சிவக்க வைப்பதில் யு.வி. பி-தான் கெட்டி. யு.வி. ஏ நிதானமாக, ஆழமாகப் போய் வேலை பார்க்கும். சன்ஸ்கிரீன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க இந்த இரண்டு பெயர்களும் பின்னால் தேவைப்படும்.

தோலுக்குள்ளே நடப்பது

யு.வி. பி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். அங்கே இருக்கும் செல்களின் டி.என்.ஏ-வில் போய் மோதும். டி.என்.ஏ-வை ஏணி என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டு படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏணியைப் பார்த்து நகல் எடுக்க வரும் நொதி அந்த இடத்தில் தடுமாறும். நல்லவேளையாக, செல்லுக்குள்ளேயே பழுது பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து, புதுத் துண்டைக் கோத்து வைத்துவிடும். வெயிலில் போய்வரும் ஒவ்வொரு நாளும் நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது. பிறவியிலேயே இந்த ஏற்பாடு பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர். அபூர்வமான நோய்தான். அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். நமக்கு வராமல் இருப்பது எவ்வளவு தூரம் அந்தப் பழுதுபார்ப்பின் தயவு என்பது அப்போது தெரிகிறது.

சேதம் அளவு மீறிப் போனால் செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். வெயிலில் வெந்த தோல் உரிகிறதே, அது பெரும்பாலும் அப்படி மாண்டுபோன செல்கள்தான். பழுதும் சரியாகாமல், சாகவும் செய்யாமல், தப்பிப் பெருகும் செல்தான் பிற்பாடு வம்பு. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இதில் நம்மை ஏமாற்றுவது நேரக் கணக்கு. வெயில் பட்ட மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் சிவப்பு தலைகாட்டும். அது உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். "சிவக்க ஆரம்பித்தால் உள்ளே போய்விடுகிறேன்" என்ற திட்டம் அதனால்தான் பலிப்பதில்லை. சிவப்பு தெரியும்போது அன்றைய வேலை முடிந்துபோயிருக்கும். இன்னொரு சங்கதி, 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரிய வந்தது: நிழலுக்குப் போன பிறகும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி வாங்கி வைத்திருந்த ஆற்றலால் டி.என்.ஏ சேதம் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்கிறது.

யு.வி. ஏ இப்படி அவசரப்படாது. மேல்தோலைத் தாண்டி அடித்தோலுக்குள் இறங்கும். தோலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைக்கும். எரியாது, சிவக்காது. பத்து இருபது வருடம் கழித்துச் சுருக்கமாகவும் திட்டுத்திட்டான கறுப்பாகவும் தெரியவரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி. பி-யை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும், யு.வி. ஏ-யில் நிறையவே உள்ளே விட்டுவிடும். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. அவருக்கு வயது 69, லாரி ஓட்டியது 28 வருடம். ஜன்னல் பக்கம் இருந்த இடதுபாதி முகம் மட்டும் தடித்து, ஆழமான மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வலதுபாதி அவர் வயதுக்கு ஏற்ற மாதிரியே இருந்தது.

அந்தப் படத்தைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை. உங்கள் கையையே பாருங்கள். முன்கையின் வெளிப்பக்கத் தோலையும், மேல்கையின் உள்பக்கம் அக்குளை ஒட்டிய தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல் விரலால் தடவியும் பாருங்கள். ஒன்று வழவழப்பாக இருக்கும், மற்றொன்றில் சின்னச் சின்ன வரிகள், புள்ளிகள், ஒரு சொரசொரப்பு. இரண்டுக்கும் ஒரே வயதுதான்.

செல்லுக்கு ஒரு குடை

தோல் சும்மா அடி வாங்கிக்கொண்டும் இருப்பதில்லை. மேல்தோலின் அடியில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் நிறமியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியிருக்கும் செல்களுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொண்ட செல் அதை எங்கே வைக்கிறது என்பதுதான் அழகு. டி.என்.ஏ இருக்கும் உட்கருவுக்கு நேர் மேலே, வெயில் வரும் பக்கமாக, குடை பிடித்த மாதிரி குவித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உட்கருவின் தலையிலும் ஒரு கறுப்புத் தொப்பி.

மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை வெள்ளைத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது பொட்டலத்தின் அளவும், எண்ணிக்கையும், அதிலிருக்கும் மெலனினின் வகையும். கறுத்த தோலுக்கு இயற்கையாகவே பாதுகாப்பு கூடுதல், தோல் புற்றுநோயும் வெகு குறைவு. இதை மறைத்து எல்லோரையும் ஒரே மாதிரி பயமுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கூடுதல் என்றால் முழுமை என்று அர்த்தம் இல்லை. கறுத்த தோலும் வெயிலில் வேகும். அதில் சிவப்பு எடுத்துத் தெரியாது, எரிச்சலும் இறுக்கமும்தான் தெரியும். அதோடு, மங்கு, பரு போன இடத்துக் கரும்புள்ளி, சீரற்ற நிறம் ஆகிய தொல்லைகள் மாநிறத்தவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும்தான் அதிகம். வெயில் இவற்றை விடாமல் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும்.

வெயிலில் நின்று கறுத்துவிட்டால் அப்புறம் பயமில்லை, அதுவே காப்பு என்று சொல்பவர்கள் உண்டு. கறுப்பது, டி.என்.ஏ அடிபட்டதும் தோல் அவசரமாகக் குடைகளைத் தயார் செய்வதன் விளைவு. அப்படிக் கிடைக்கும் காப்பு, சன்ஸ்கிரீனின் காப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப் எண்ணில் சொன்னால் 3 அல்லது 4 தேறும். திருடன் வந்து போன பிறகு ஒரு சின்னப் பூட்டு மாட்டுவது மாதிரிதான்.

இந்த நிறத்துப் பேச்சோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த அல்லது உருமாறும் மச்சத்தைக் கவனியுங்கள். இரண்டு பாதியும் ஒத்துப்போகாமல் இருப்பது, விளிம்பு பிசிறடிப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், பென்சில் பின்பக்க ரப்பரைவிடப் பெரிதாவது, மாறிக்கொண்டே போவது, ஆறாத புண், அடிக்கடி ரத்தம் கசிவது என எது இருந்தாலும் தோல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. கறுத்த தோலில் மெலனோமா என்ற புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில் வரும். அதற்கு வெயில் காரணம் இல்லை என்பதால் சன்ஸ்கிரீன் தடுக்காது, கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நிழலைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்வது

சூடு நம்பத் தகுந்த அளவுகோல் இல்லை என்றால் வேறு எதைப் பார்ப்பது? கைபேசியில் வானிலை பார்க்கும்போது யு.வி. குறியீடு என்று ஓர் எண் இருக்கும். கனடாவில் 1992-ல் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்க ஒரே அளவாக ஆனது. 2 வரை கவலை இல்லை. 3 வந்துவிட்டால் பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. 6, 7 என்றால் அதிகம், 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-ம் அதற்கு மேலும் கடுமை. வெப்பநிலை 25 டிகிரி என்று இதமாக இருக்கும்போதே இந்த எண் 9 காட்டும் நாட்கள் உண்டு.

கைபேசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அளவும் நிழலிலேயே தெரியும். சமதரையில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது. கதிர் காற்றைக் கடக்கும் தூரம் குறைவு, யு.வி. பி பலமாக இறங்குகிறது. ஒதுங்கும் நேரம் அது. நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் வெளிவேலையை வைத்துக்கொள்ளலாம். மாதம், அட்சரேகை, கடிகாரம் எதுவுமே தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான கருவி இல்லை. மணிக்கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு, பொதுவாகக் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை.

இந்தக் கணக்கைக் குழப்பும் சில விஷயங்கள் உண்டு. என்னைக் கவிழ்த்தது இதில் இரண்டு. மெல்லிய மேகம் புற ஊதாவைப் பெரிதாகத் தடுக்காது, 90 சதவீதம்கூட ஊடுருவி வரலாம். சூட்டை மட்டும் தணித்துவிடுவதால் நாம் அதிக நேரம் நின்றுவிடுகிறோம். அடுத்தது உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். தரையிலிருந்து திரும்பி அடிப்பதும் சேரும். புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும், கடற்கரை மணல் 15 சதவீதம் அளவுக்கு. தண்ணீருக்குள் இருந்தால் தப்பலாம் என்பதும் இல்லை. அரை மீட்டர் ஆழத்திலும் மேலே இருக்கும் புற ஊதாவில் 40 சதவீதம் இருக்கும்.

நிழலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. புற ஊதா காற்றில் நன்றாகச் சிதறும் கதிர். சூரியனிலிருந்து நேராக வருவதோடு, நீல வானம் முழுவதிலிருந்தும் வந்துகொண்டிருக்கும். வெட்டவெளியில் ஒரு குடையின் கீழ் உட்கார்ந்தால் நேர்க்கதிர் மட்டும்தான் நிற்கும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கடற்கரைக் குடையின் கீழ் மூன்றரை மணி நேரம் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் வெந்தது. எஸ்.பி.எஃப் 100 சன்ஸ்கிரீன் பூசி வெளியில் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு. சன்ஸ்கிரீன் விற்கும் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் இதில் பெரிய சேதி இரண்டாவது எண்தான். அவ்வளவு பூசியும் நாலில் ஒருவர் தப்பவில்லை. ஒன்றை மட்டும் நம்பினால் போதாது. நிழல் என்றால் வானம் அதிகம் தெரியாத நிழலாகப் பாருங்கள். அடர்ந்த மரத்தடி, கட்டடத்தின் நிழல் எல்லாம் ஒற்றைக் குடையைவிட மேல்.

சட்டை முதலில்

1981-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். ஒரு கடற்காக்கை ஆடிப் பாடிச் சொல்லும் மூன்று வேலைகள்: சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை. சட்டை முதலில் வருவதைக் கவனியுங்கள். துணி வியர்வையில் வழியாது, இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதில்லை, முதுகில் எட்டாத இடம் என்ற பிரச்சினையும் இல்லை.

எந்தத் துணி என்றால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெசவின் இடுக்கு வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் புற ஊதாவும் அந்த வழியாக வரும். நெருக்கமான நெசவு, கொஞ்சம் அடர்ந்த நிறம், தளர்வான தையல் நல்லது. இறுகப் பிடித்து இழுபடும் துணியில் நெசவின் இடுக்குகள் விரிந்துவிடும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நாம் நினைக்கும் அளவுக்குத் தடுப்பதில்லை, நனைந்தால் இன்னும் குறையும். துணிக்கென்றே யு.பி.எஃப் என்று ஓர் எண் உண்டு. 50 என்று இருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே ஊடுருவும். வெளியிலேயே வேலை பார்ப்பவர்கள், நீச்சலடிப்பவர்கள் தேடி வாங்கலாம். மற்றவர்களுக்கு வீட்டில் இருக்கும் முழுக்கைச் சட்டையே போதும்.

தொப்பியில் விளிம்புதான் விஷயம். முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டுத் தொப்பி நெற்றியையும் மூக்கையும் காக்கும், காதையும் பின்கழுத்தையும் கைவிட்டுவிடும். சுற்றிலும் ஏழு எட்டு சென்டிமீட்டர் விளிம்பு இருந்தால் நல்லது. கறுப்புக் கண்ணாடியில் நிறத்தைப் பார்க்காதீர்கள், யு.வி. 400 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தடுப்பு இல்லாத இருண்ட கண்ணாடி போட்டால் கண்மணி விரிந்து இன்னும் அதிகமாக உள்ளே வாங்கும்.

டப்பாவில் இருக்கும் எண்

துணி மூடாத இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். மலையேறப் போய் வெந்து வந்தது நான் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938-ல் பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறி வெந்துபோன பிறகுதான் களிம்பு ஆராய்ச்சியில் இறங்கினார் என்று சொல்வார்கள். எஸ்.பி.எஃப் என்ற எண்ணைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

அந்த எண் சொல்வது இதுதான்: தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் எத்தனையில் ஒரு பங்கு உள்ளே போகிறது என்பது. 15 என்றால் பதினைந்தில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 7. 30 என்றால் நூற்றுக்கு 3 சொச்சம். 50 என்றால் 2. தடுப்பதைப் பார்த்தால் 97-க்கும் 98-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே போவதைப் பார்த்தால் 3-க்கும் 2-க்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 30-லிருந்து 50-க்கு மாறுவதில் கிடைக்கும் ஆதாயத்தைவிட, 30-ஐ ஒழுங்காகப் பூசுவதில் கிடைப்பது அதிகம்.

ஏனென்றால், ஆய்வகத்தில் அந்த எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தடிப்பாகப் பூசி அளக்கிறார்கள். நாம் பெரும்பாலும் அதில் கால்பங்கோ பாதியோதான் பூசுகிறோம். கிடைக்கும் காப்பும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், அடியிலிருந்து நுனி வரை ஆளுக்கொரு கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். முதல் தடவை பிதுக்கிப் பார்த்தபோது, இது ஒரு வாரத்துக்கு ஆகுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரேயடியாகத் தேய்த்தால் வெள்ளையாக நிற்கும். ஒரு விரலில் இருப்பதை முதலில் பூசி, அது ஊறியதும் அடுத்த விரலில் இருப்பதைப் பூசினால் சரியாக வரும். காது மேல்விளிம்பு, பின்கழுத்து, வகிடு, கழுத்தின் பக்கவாட்டு, புறங்கால் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

வெளியே போக ஒரு கால் மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை, நீந்தினாலோ வியர்த்து வழிந்தாலோ துடைத்தாலோ உடனே. "பத்து நிமிடத்தில் சிவக்கும் தோல், எஸ்.பி.எஃப் 30 போட்டால் முந்நூறு நிமிடம் தாங்கும்" என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. அதை நம்பி ஐந்து மணி நேரம் நிற்காதீர்கள். காலை வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றல்ல, பூசியதும் அப்படியே முகத்தில் நிற்பதில்லை.

எஸ்.பி.எஃப் சிவப்பை வைத்து அளப்பது என்பதால் முக்கியமாக யு.வி. பி-யின் கதையைத்தான் சொல்லும். யு.வி. ஏ-வுக்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும். ஜப்பானில் தொடங்கிய முறையில் பி.ஏ. என்று எழுதி + குறி போட்டிருப்பார்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை, கூடக் கூட நல்லது. சில நாடுகளில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று இருக்கும். இரண்டில் ஒன்றுகூட இல்லாத டப்பாவை நான் வாங்குவதில்லை, எஸ்.பி.எஃப் எத்தனை பெரிதாக இருந்தாலும் சரி.

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போட்டது தாதுவகை. மற்றவை வேதிவகை. தாதுவகை கண்ணாடி மாதிரி கதிரைத் திருப்பியடிக்கும் என்று எங்கும் எழுதியிருக்கும். உண்மையில் அதுவும் பெரும்பாலும் கதிரை உறிஞ்சித்தான் தடுக்கிறது. எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. சீக்கிரம் அரிப்பெடுக்கும் தோலுக்குத் தாதுவகை ஒத்துப்போகும், கறுத்த தோலில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியலாம். தினமும் பூச மனம் வருவது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் அதற்கு உதவும்.

இதெல்லாம் பூசி நிஜமாகவே பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992-லிருந்து 1996 வரை 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் பூச வேண்டும், மறுபாதி வழக்கம்போல இஷ்டத்துக்கு. தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. தோல் முதுமையடைவதும் 24 சதவீதம் குறைவாக இருந்தது.

இன்னும் சில விஷயங்கள்

முகம் கறுத்துவிட்டது என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாற்றில் இருக்கும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் யு.வி. ஏ பட்டதும் தோலைச் சுடும். சாறு வழிந்த தடம் அப்படியே கொப்புளமாகி, பிறகு மாதக்கணக்கில் கறுப்புக் கோடாக நிற்கும். நிறம் மாற்றப் போய்க் கறை வாங்கியது போலத்தான்.

சில மருந்துகளும் தோலை வெயிலுக்குத் தாங்காமல் செய்யும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, பருவுக்குத் தரும் ரெட்டினாய்டு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வெயிலைக் குறையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைச் சன்ஸ்கிரீன் பூசி வெளியே கொண்டுபோவதைவிட, நேர் வெயிலுக்கே கொண்டுபோகாமல் நிழலிலும் துணியிலும் வைத்திருப்பதுதான் சரி.

அப்போது வைட்டமின் டி? அது யு.வி. பி பட்டுத் தோலில் உருவாவது உண்மைதான். ஆனால் அதற்குத் தேவைப்படுவது கொஞ்ச நேர வெயில், வேகும்வரை நிற்பது அல்ல. சன்ஸ்கிரீன் போடுபவர்களும் நடைமுறையில் அங்கங்கே இடம் விட்டுத்தான் போடுகிறார்கள், கொஞ்சம் கதிர் எப்படியும் உள்ளே போகும். வெளியே வராமலே இருப்பவர்களும், கறுத்த தோலுள்ளவர்களும் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம்.

வெந்துவிட்டால்

முதல் வேலை வெயிலை விட்டு உள்ளே வருவது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், அல்லது குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். ஐஸை நேராக வைக்க வேண்டாம், வெந்த தோல் அதையும் தாங்காது. ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், அடியில் இருக்கும் பச்சைத் தோலுக்கு அதுதான் மூடி. பெரிய பரப்பில் கொப்புளம், காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தாலோ, வெந்தது சின்னக் குழந்தையாக இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உரியத் தொடங்கும்போது பிய்த்து இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, காதுப் பக்கம் இழுத்து ரத்தம் பார்த்தேன். தானாக விழுவதை விழ விடுங்கள். அடியில் வருவது இளந்தோல், அதன் குடைகள் இன்னும் சரியாக விரியவில்லை. ஆறிவிட்டதே என்று அடுத்த வாரமே வெறும் கழுத்தோடு கிளம்பாமல், கொஞ்ச நாளைக்குத் துணியால் மூடியே வைத்திருங்கள்.